குடியரசுத் தலைவரும் எங்கள் தமிழ் வகுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியரசுத் தலைவர் பதவி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமைச்சரவை காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 1976இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 42ஆவது திருத்தம் அவரை அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்படுத்தியது, சரி. ஆனால் 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், ஒருமுறை திருப்பி அனுப்பி மறுபடி யோசிக்கச் சொல்லலாம் என்று இடம் கொடுத்ததே! எங்கள் கேரள மாநிலத்து உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அதைத்தான் செய்தார். உத்தரப் பிரதேசத்தில் முதல்வர் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்க 1997 அக்டோபரில் பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவையும் அதோடு விட்டுவிட்டது. இதை வெறும் கையெழுத்து வேலை என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையில் விடுபட்டது இன்னொன்று. எங்களைப் போன்ற எல்லையோரத் தமிழர்களுக்கு அதுதான் முக்கியம். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேற்றுமொழிக்காரர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே 7ஆவது திருத்தத்தில் 350-ஏ, 350-பி பிரிவுகளைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க எந்த மாநிலத்துக்கும் குடியரசுத் தலைவர் உத்தரவிடலாம் என்கிறது முதலாவது. இரண்டாவதன்படி, அவர் நியமிக்கும் சிறப்பு அதிகாரி எங்கள் நிலையை ஆராய்ந்து அவரிடமே அறிக்கை தர வேண்டும். அது நாடாளுமன்றத்துக்கும் போகும். முதலிலிருந்தே இருக்கும் 347ஆவது பிரிவோ, மக்களில் கணிசமானோர் கேட்டால் ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியில் மட்டும்கூட அவர்கள் மொழியை அங்கீகரிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் தருகிறது. இவற்றையும் அமைச்சரவை ஆலோசனைப்படிதான் செய்வார். ஆனாலும் மனு யார் பெயருக்குப் போக வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது அல்லவா?

என் பேத்தி படிக்கும் பள்ளியில் தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் ஆள் போடவில்லை. பஞ்சாயத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் நடந்தோம். இந்தப் பிரிவுகளைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் முதல் மனுவிலேயே எழுதியிருப்போம்.

இம்மூன்றையும் எளிய தமிழில் விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.