பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நலமா? மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை இருக்கும், தெரியும். இரவில் நேரம் கழித்துத் தனியாகக் கார் ஓட்டாதே. இங்கே பத்தாங் பெர்ஜுந்தாயில் தினமும் சாயங்கால மழை. அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை.

அலமாரியைத் துடைத்தபோது உன் ஒப்பந்தச் சட்டப் புத்தகம் கிடைத்தது. பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்குச் சொல்வாயே, கிள்ளானில் 1912 ஆகஸ்டு 16-ஆம் தேதி தபாலில் போட்ட கடிதம் கோலசிலாங்கூர் தபால் ஆபீசிலேயே 25-ஆம் தேதிவரை கிடந்த வழக்கு. சம்மதம் சொல்லவேண்டிய கெடு 20-ஆம் தேதியே முடிந்திருந்தும், தபாலில் போட்டபோதே சம்மதம் சொன்னதாகிவிட்டது என்று தீர்ப்பு. நம் பக்கத்துத் தபால் ஆபீஸ் சட்டத்திலே வருகிறது, பால்மரம் வெட்டியவன் மகள் அதைப் படிக்கிறாள் என்று சாப்பாட்டுக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

அடுத்த பக்கத்தில் 1862-இல் இங்கிலாந்தில் நடந்த குதிரை வழக்கு. பதில் வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று பெரியவர் தன் சகோதரன் மகனுக்கு எழுதுகிறார். பையனுக்கும் மனதுக்குள் கொடுக்கத்தான் எண்ணம். ஆனால் பதில் எழுதவில்லை. அதனால் ஒப்பந்தம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நீ சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

காப்பார் அத்தை உன்னைப் பெண் கேட்டு வந்தது உனக்குத் தெரியும். போனில் சொன்னபோது நீ ஒன்றும் பேசவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சரி, அது போகட்டும். அத்தை திரும்பக் கேட்டபோது, "பாப்பா மறுக்கவில்லை அக்கா, மௌனம் சம்மதம்தானே" என்று சொன்னது நான். அம்மா அப்போதே எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா காட்டு வேலைக்குப் போய் எனக்குப் பள்ளிச் சட்டை வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்காக உன் வாயை நான் எடுத்துக்கொண்டேன். தப்பு பண்ணிவிட்டேன், பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை காப்பார் போகிறேன். அன்று பேசியது என் பேச்சு, உன் பேச்சு இல்லை என்று அக்காவிடம் சொல்லப்போகிறேன். அதற்குள் நீ எழுதினால், சரியோ வேண்டாமோ, அதை அப்படியே சொல்கிறேன். எழுதாவிட்டால், பாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இரவில் தனியாகக் கார் ஓட்டாதே.

அப்பா