எந்த வீட்டில் கற்றுக்கொள்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் வரவு செலவு, வட்டி, சேமிப்பு எல்லாம் பாடமாக வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். 'காசைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் பெரிய படிப்பு படித்தவர். அந்த வரியை வாசித்ததில் இருந்து எனக்குப் பீடி சுற்றும் சுளவில் (முறத்தில்) கை ஓடவில்லை.

அவர் சொல்கிற வீடு என் வீடுதான். நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 86 வாங்கியவள். தனிவட்டி, கூட்டுவட்டி சூத்திரம் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். 2016-ல் வீட்டுக்கு ஓடு மாற்ற ஒரு பைனான்சில் 30,000 ரூபாய் வாங்கினேன். வருடத்துக்கு 15 சதவீதம்தான், மாதம் 1,625 வீதம் 24 மாதம் என்றார்கள். பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. ஒரு தவணை பிசகாமல் கட்டினேன்.

கடைசித் தவணை அன்றுதான், அவர்கள் தந்த கடன் அட்டையை நிதானமாகப் பார்த்தேன். 1,625-ல் அசல் 1,250, வட்டி 375. முழு 30,000-மும் பாக்கி இருந்த முதல் மாதமும் 375; வெறும் 1,250 பாக்கி இருந்த கடைசி மாதமும் அதே 375. கட்டக் கட்ட அசல் குறைந்தது, வட்டி குறையவே இல்லை. குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 26 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்று கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி போட்டுக் காட்டினார். அட்டையில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. எனக்குத்தான் அதை வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியலில் 'பணம் மற்றும் கடன்' என்று ஒரு பாடமே இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பண்டமாற்று படிக்கிறாள். ரிசர்வ் வங்கி 1935-ல் தொடங்கியது என்று ஒப்பிக்கிறாள். என் பழைய அட்டையைக் கையில் கொடுத்தால் முழிக்கிறாள். வட்டி, கணக்குப் புத்தகத்தில்; கடன், சமூக அறிவியலில். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆளில்லை.

2017 அக்டோபர் 23 உங்களுக்கு மறந்திருக்காது. கந்துவட்டிக் கொடுமையில் தாய், தகப்பன், இரண்டு பச்சைப் பிள்ளைகள், நெல்லை கலெக்டர் ஆபீசில் வைத்துத் தீயில் கருகினார்கள். கந்துவட்டித் தடைச் சட்டமோ 2003-லேயே வந்தாயிற்று. சிறுகடன் கொடுக்கிறவர்கள், வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அட்டை தர வேண்டும் என்று 2022-ல் இருந்து ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. நல்ல விதிதான். அதை வைத்துக் கணக்குப் பார்க்க எங்கே போய்ப் படிப்பது, ஐயா?

எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடித்தவர் பணத்தோடு ஊரைவிட்டுப் போனார். கொடுத்த பெண்கள் ஒருத்தி கையிலும் ரசீது கிடையாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கடன் அட்டையோ நகைக்கடன் ரசீதோ அச்சிட்டு, எந்த எண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி போடுங்கள். முதல் வாரத்துக்கு என் அட்டையின் நகலை, பைனான்ஸ் பெயரை மட்டும் மறைத்து, இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல்.