துபாய் என்று சொல்லாதே

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மைனா,

போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னை முடிக்க விட மாட்டாய், ஹாஸ்டலிலேயே அப்படித்தான், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்குப் பென்ஷன் ஒருவழியாக வந்துவிட்டது. நம் ஹாஸ்டல் குண்டூசி மறுபடி வீடு மாற்றியிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கணவரைப் பிரிந்து, பேத்தியோடு உன் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று உன் கடிதத்தில் படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதி அதிகம். நீ அவளை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டாய் பார், அதற்காகவே உன்னை நேரில் வந்து கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த பத்திதான் என்னைத் தூங்க விடவில்லை. தெருவில் கேட்பவர்களிடம் மாப்பிள்ளை துபாய் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாய். ஜூனில் பள்ளியில் சேர்க்கும்போதும் அதையே சொல்லப் போகிறாய், குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

வேண்டாம்டி. தெருவுக்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அவர்களுக்கு நாம் கணக்கு ஒப்பிக்கத் தேவையில்லை. குழந்தையின் வாயில் அதைப் போடாதே. அவளுக்கு நாலு வயது. அப்பா விருதுநகரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மறைத்து வேறொன்று சொல் என்றால், நம் வீட்டில் வெட்கப்படும்படி ஏதோ இருக்கிறது என்பதைத்தான் அவள் பிடித்துக்கொள்வாள். இன்னொன்றும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் எது நடந்தாலும் தங்களால்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பாலைக் கொட்டினேன், அதனால்தான் அப்பா போயிட்டார் என்று என் மடியில் உட்கார்ந்து என் வகுப்புப் பிள்ளை ஒன்று சொல்லியிருக்கிறது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே உன் மகள் அவளிடம் சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்: அப்பாவும் அம்மாவும் இனிமேல் தனித்தனி வீட்டில் இருப்போம், நீ எங்கள் ரெண்டு பேருக்கும் பிள்ளை, இது உன்னால் வந்தது இல்லை. அவ்வளவு போதும். மேற்கொண்டு கேட்டால் கேட்டதற்கு மட்டும் ஒரு வரியில் பதில். கோர்ட், நகை, யார் என்ன பேசினார்கள், எதுவும் அவள் காதில் விழக் கூடாது. மாப்பிள்ளையை அவள் எதிரே திட்டாதே, உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுவார்களே என்று எழுதியிருந்தாய். என் யூகேஜி வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேள். இங்கே பாதிப் பேருக்கு அம்மா மில் ஷிஃப்ட். காலையில் கொண்டுவந்து விடுவது ஆச்சி, தாத்தா, சித்தப்பா, சில நாள் பக்கத்து வீட்டு அக்கா. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளை உண்டு. தத்தெடுத்த பிள்ளை உண்டு, அவளுக்கு விவரம் தெரியும் முன்பே வீட்டில் கதை மாதிரிச் சொல்லிச் சொல்லி, நாங்க உன்னைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தோம் என்பதை அவளே பெருமையாகச் சொல்வாள். இந்த வகுப்பில் போய் அச்சடித்த தாளில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று நாலு கட்டம் போட்டு, படம் ஒட்டிக் கொண்டு வா என்றால் என்ன ஆகும்? முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்தத் தாள்தான். ஒரு பையன் காலண்டரிலிருந்து ஒரு நடிகரை வெட்டி அப்பா கட்டத்தில் ஒட்டிக் கொண்டு வந்தான்.

இங்கே நான் அந்தத் தாளைத் தொடுவதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பதில் இருக்கிற கேள்வியாகக் கேட்பேன். உனக்கு யார் தலை சீவி விடுவாங்க? காய்ச்சல் வந்தா யார் பக்கத்தில் படுப்பாங்க? இருட்டில் பயந்தா யாரைக் கூப்பிடுவே? அவங்களை எல்லாம் வரைந்து கொண்டு வா. வெள்ளைத் தாள், கட்டமே கிடையாது. ஒருத்தி ஆச்சியையும் ஆட்டையும் வரைந்தாள். ஒருவன் ரெண்டு வீடு வரைந்து நடுவில் பஸ் போட்டான், சனிக்கிழமை அவன் அப்பா வீட்டுக்குப் போகிற பஸ்.

இன்னொரு பையனை வளர்ப்பது அவன் பெரியம்மா, திருநங்கை. அவர் முதல் நாள் வந்து நின்றபோது ஒரு வாண்டு சத்தமாக, டீச்சர் அவங்க யாருன்னு கேட்டது. வாசலில் நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. இவனோட பெரியம்மா, தினமும் இவனைக் கூட்டிட்டு வருவாங்க என்றேன். ஓ, என்று சொல்லிவிட்டு மண்ணில் விளையாடப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு வேண்டியது அவ்வளவுதான் மைனா, யார், என்ன முறை, நாளைக்கும் வருவாங்களா. முணுமுணுப்பும் ஐயோ பாவமும் பெரியவர்களிடமிருந்துதான் அவர்களுக்குப் போகிறது. கேலியைவிட அந்த ஐயோ பாவம்தான் எனக்குக் கோபம். நல்லாச் சாப்பிட்டு நல்லாச் சிரிக்கிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, அப்பன் இல்லாத பிள்ளை என்று தலையைத் தடவுவார்கள், அதுவரை அதற்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

கதை நேரமும் இப்போது இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டாளைச் சொல்லித் தர வேண்டுமா, ஆடிப்பூரத் தேரை வீட்டு வாசலிலேயே பார்க்கிறவர்கள். துளசிச் செடிக்குக் கீழே கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார் என்றதும், தத்துப் பிள்ளை எழுந்து நின்று, என்னை மாதிரி என்றாள். முருகனுக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் கொடுத்து வளர்த்தார்கள் என்றால் ஒரே பொறாமை, ஆறு அம்மாவா, ஆறு பேரும் ஊட்டுவாங்களா? கண்ணனைப் பெற்றது தேவகி, வளர்த்தது யசோதை. இதையெல்லாம் காலம் காலமாகக் கும்பிடுகிறோம், அடுத்த வீட்டில் நடந்தால் மட்டும் கிசுகிசுக்கிறோம். அன்னையர் தினம், தந்தையர் தினம் ரெண்டையும் விட்டுவிட்டு ஒரே நாளாக வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும். போன தடவை ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏழு பேர் வந்து சுண்டல் பற்றவில்லை.

அப்புறம், விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துக்கு என்ன செய்வது என்று பயப்படாதே. கீதா ஹரிஹரன் வழக்கு என்று ஒன்று. ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்கு மகனின் பாதுகாவலராக அம்மா கையெழுத்துப் போட்டால் செல்லாது என்றதால் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிள்ளையை அப்பா கவனிக்காத நிலையில், அவர் உயிரோடு இருந்தாலும் அம்மா பாதுகாவலராக இருக்கலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. பாஸ்போர்ட்டுக்கே 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2022இல் சண்டிகர் நர்ஸ் ஒருவரின் பிரசவ விடுமுறை வழக்கில், கணவரின் முதல் திருமணத்துப் பிள்ளைகளைக் காரணம் காட்டி விடுமுறையை மறுத்தது தவறு என்று சொல்லி, மறுமணம், தனிப் பெற்றோர், தத்து என்று அமைகிற குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று நம்ம சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. உன் மகள் சட்டம் படிக்கப் போகிறாளா என்று கேட்காதே, ஆபீஸ் ஜன்னலில் யாராவது முறைத்தால் நிமிர்ந்து நிற்கத்தான் இவ்வளவும். குழந்தையைப் பாதுகாக்கும் பொறுப்பு கோர்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த உத்தரவின் நகல் ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கச் சொல்.

சேர்க்கும் அன்றே வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் அம்மா, ஆச்சி, தாத்தா இருக்கோம், அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவார், யார் வந்தால் அனுப்பலாம், இதைச் சொன்னால் போதும். அந்த நாலு கட்டத் தாள் வந்தால், இவள் வேறு மாதிரி வரைவாள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நல்ல டீச்சர் புரிந்துகொள்வார், புரியாவிட்டால் என் நம்பரைக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன், போனை உன் மகளிடம் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போ. பேத்திக்குப் பால்கோவா அனுப்புகிறேன், நீ தொடாதே, உனக்குச் சர்க்கரை.

உன்,
ஒல்லி