சப்பாத்துப் பெட்டிக்குள் போன அட்டைகளைத் திரும்ப எடுங்கள்

கல்லடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மெஜிக் அட்டை விளையாட்டு விளையாடும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

ஆரையம்பதியில் இருந்து அண்ணன் எழுதுகிறேன். போன ஞாயிறு விறாந்தையில் வைத்தே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. அட்டைகளை இறக்கச் செலவழிக்கிற சக்தியான மானாவைத் தருகிற லேண்ட் அட்டைகளை 22 போடுவதா 24 போடுவதா என்ற வாக்குவாதம் இருட்டும்வரை நீண்டுவிட்டதால் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அங்கேயே நின்றது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக அறுபது அட்டைக் கட்டுகளாக ஆறு டெக் கட்டி வைக்கலாம் என்று நீங்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ரொரன்ரோவில் இருந்து வந்த பெட்டியைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தீர்கள். சண்டைக்கு இறக்குகிற பெரிய உயிர்களான க்ரீச்சர்கள் ஒரு பக்கம், எரிக்கிற, கொல்லுகிற மந்திரங்கள் இன்னொரு பக்கம். கீழ்மூலையில் அடிக்கிற பலமும் தாங்குகிற பலமும் 1/1, 2/2 என்று சின்னதாகப் போட்டிருந்த க்ரீச்சர்கள் மட்டும் "ஒன்றுக்கும் உதவாது" என்று ஒரு பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் போயின. நான் அந்தப் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன். எல்விஷ் விஷனரி ஏழு, மல்டிரிஃப்டர் ஐந்து, ஃபைரெக்சியன் ரேகர் நாலு இருந்தன. லனோவர் விஷனரி, ஸ்பிரிட்டட் கம்பானியன் இரண்டும் சிலசில கிடந்தன. எல்லாம் கையில் அட்டை சேர்த்துத் தருகிற க்ரீச்சர்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு வேறு எந்த அட்டையையும்விட இவைதான் வேண்டும். அவற்றைத் திரும்ப எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் சித்தியோடு வந்த பதின்மூன்று வயதுத் தம்பியை நினைவிருக்கிறதா? பச்சை டெக் கொடுத்தோம், முழுக்கப் பெரிய மிருகங்கள். முதல் அரை மணித்தியாலம் முகம் மலர்ந்து இருந்தான். அதற்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லை. மேலிருந்து ஒன்றை எடுப்பான், லேண்ட் வரும், போடுவான், "முடிஞ்சுது" என்பான். எதிரில் இருந்தவர் கையில் ஐந்து அட்டையை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார். மூன்று ஆட்டமும் அப்படியே போயின. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அந்த டெக்கைக் கட்டியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அவன் கை ஏன் காலியானது என்று கணக்குப் பாருங்கள். தொடக்கத்தில் ஏழு அட்டை. ஒவ்வொரு முறையும் ஒன்று எடுக்கிறோம், முதலில் தொடங்குகிறவருக்கு முதல் முறை அதுவும் இல்லை. முறைக்கு ஒரு லேண்டும் ஒரு மந்திரமுமாக இரண்டு அட்டை போட்டால், இரண்டாவதாக விளையாடுகிறவருக்கு ஏழாம் முறையோடு கை காலி. முதலில் விளையாடுகிறவருக்கு ஆறாம் முறையிலேயே. அதற்குப் பிறகு முறைக்கு ஒரே ஒரு அட்டைதான் வரும், அறுபதில் 24 லேண்ட் என்றால் ஐந்தில் இரண்டு தடவை அதுவும் லேண்டாக இருக்கும். நீங்கள் வாக்குவாதப்பட்ட அந்த இரண்டு லேண்ட் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. எல்விஷ் விஷனரி மாற்றும்.

நம் ஆட்கள் இந்தச் சின்ன க்ரீச்சர்களை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று யோசித்தபோது எனக்கு 304 சீட்டாட்டம்தான் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் அப்பாமாரும் மாமாமாரும் விளையாடப் பார்த்து வளர்ந்த விளையாட்டு அது. முதலில் நாலு அட்டை, அதை வைத்துக் கேள்வி (ஏலம்), துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகு மற்ற நாலு. எல்லாருக்கும் எட்டுத்தான். இடையில் ஒரு அட்டை கூட எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அட்டையின் பெறுமதியும் அதன் புள்ளியில்தான் இருக்கிறது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ராணிக்கு வெறும் 2. கையை விரித்தவுடன் கண் பெரிய புள்ளியைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தோடு மெஜிக் அட்டையின் கீழ்மூலையைப் பார்த்தால் 1/1 ராணி மாதிரித்தான் தெரியும். ஆனால் மெஜிக்கில் எல்லாருக்கும் எட்டு என்ற கட்டு இல்லை. ஒருவர் பத்து அட்டையோடு ஆட்டத்தை முடிப்பார், இன்னொருவர் இருபதோடு முடிப்பார். இருபது எடுத்தவரை வெல்வது பெரும்பாடு.

சரி, அட்டை தருகிற க்ரீச்சர் எல்லாம் ஒன்றா? இல்லை. இதில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதை இறக்கினேன், எதிராளி உடனே கொன்றுவிட்டார், என் கைக்கு ஏதாவது வந்ததா?

எல்விஷ் விஷனரிக்கு இரண்டு மானா. 2008 இல் முதலில் அச்சானது. இறங்கியவுடனே ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். அதன்மேல் லைட்னிங் போல்ட் மந்திரத்தை அடித்தாலும் நமக்கு நட்டம் இல்லை; நம் அட்டைக்கு மாற்று அட்டை ஏற்கெனவே கையில் இருக்கிறது, எதிராளிதான் ஒன்றைச் செலவழித்துவிட்டார். அடிக்காமல் விட்டால் ஒரு பெரிய மிருகத்தின் முன்னால் நின்று ஒரு முறை அடி வாங்கித் தரும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் அதைக் கொல்ல மனம் வைப்பதில்லை. லனோவர் விஷனரி மூன்று மானாவுக்கு அதே வேலையைச் செய்து, அடுத்த முறையில் இருந்து ஒரு பச்சை மானாவும் தரும். வெள்ளைக்கு ஸ்பிரிட்டட் கம்பானியன், இரண்டு மானாவுக்கு ஒரு நாய்க்குட்டி, பிள்ளைகளுக்குப் படமே போதும். கறுப்புக்கு ரேகர், ஓர் அட்டை எடுத்து ஓர் உயிர்ப்புள்ளி இழக்க வேண்டும். தொடக்கத்தில் உள்ள இருபதில் ஒன்று, தாராளமாகக் கொடுக்கலாம்.

மல்டிரிஃப்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். 2007 இல் வந்த லோர்வின் தொகுதியின் அட்டை. மீன் போன்ற ஓர் உயிர் ஆகாயத்தில் நீந்துகிற படம். வாவியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் பிடிக்காமல் போகாது. ஐந்து மானா கொடுத்தால் பறக்கிற 2/2 வரும், கைக்கு இரண்டு அட்டையும் வரும். ஐந்து மானா இல்லையா? மூன்று கொடுத்து இவோக் முறையில் இறக்கலாம். இரண்டு அட்டையைத் தந்துவிட்டு அது போய்விடும். லேண்ட் வராமல் மூன்றில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அது கை கொடுக்கும், லேண்ட் நிறைந்து கிடக்கிற பிள்ளைக்கும் கை கொடுக்கும். இரண்டு விதமான துரதிர்ஷ்டத்துக்கும் ஒரே அட்டையில் வழி வைத்திருக்கிறார்கள்.

இதோடு எஃபெமரேட் என்ற வெள்ளை மந்திரம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஒரு தடவை மேசையில் செய்து பாருங்கள். மூன்று மானாவுக்கு மல்டிரிஃப்டரை இவோக் செய்து இறக்குகிறோம். இரண்டு அட்டை எடுத்தாயிற்று, அதைப் பலி கொடுக்க வேண்டிய விளைவு இன்னும் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு வெள்ளை மானா கொடுத்து எஃபெமரேட் போட்டால் மல்டிரிஃப்டர் ஆட்டத்தை விட்டுப் போய் உடனே திரும்பி வருகிறது. திரும்பி வந்தது விதிப்படி புதிய க்ரீச்சர். ஆகவே பலி அதைத் தொடாது, இன்னும் இரண்டு அட்டை கைக்கு வரும். அடுத்த முறை தொடங்கும்போது எஃபெமரேட் காசில்லாமல் ஒரு தடவை திரும்பவும் வேலை செய்யும், இன்னும் இரண்டு. நாலு மானாவுக்கு ஆறு அட்டையும் பறக்கிற ஓர் உயிரும். இரண்டுமே கொமன், அதாவது அரிதல்லாத அட்டைகள். இப்படி ஒன்றை ஒரு பிள்ளை தானாகச் செய்து முடித்த அன்று அவன் இந்த விளையாட்டை விடமாட்டான் என்று நான் நம்புகிறேன்.

இனி அந்தக் கேள்வியில் தேறாதவை. ஆர்க்கிவிஸ்ட் நாலு மானா, 1/1. ஒரு முறை காத்திருந்து, பிறகு முறைக்கு ஓர் அட்டை. வாசிக்க இனிப்பாக இருக்கும், ஆனால் காத்திருக்கிற அந்த ஒரு முறைக்குள் யாராவது அடித்துவிடுவார்கள், நாலு மானாவும் ஓர் அட்டையும் காற்றோடு போகும். ஸ்க்ரோல் தீஃப் எதிராளியை நேரடியாக அடித்தால்தான் அட்டை தரும். 1/3 உடம்போடு தடுப்பாட்களைத் தாண்டி அது எங்கே அடிப்பது? வழி திறந்து விடுகிற அட்டைகள் இல்லாத டெக்கில் அது வேண்டாம். பீஸ்ட் விஸ்பரர் நல்ல அட்டை, நாம் க்ரீச்சர் மந்திரம் போடும்போதெல்லாம் ஒன்று தரும். ஆனால் நாலாம் முறை நாலு மானாவையும் கொட்டி அதை இறக்குகிறவர் கைக்கு அன்றைக்கு ஒன்றும் வராது. ஆறு மானா சேரும்வரை பொறுத்து, அதை இறக்கி, கையோடு ஒரு இரண்டு மானா க்ரீச்சரையும் போட்டால் அதைக் கொன்றாலும் ஓர் அட்டை மிஞ்சும். அந்தப் பொறுமை பழகிய கைக்குத்தான் வரும்.

டார்க் கொன்ஃபிடன்ட் வைத்திருக்கிற தம்பி அதைப் பொது டெக்குக்குத் தருவதாகச் சொன்னார். மனம் பெரிது, நன்றி. ஆனாலும் வேண்டாம் தம்பி. ஒவ்வொரு முறையும் மேலே உள்ள அட்டையைக் காட்டிக் கைக்கு எடுத்து, அதன் மானா அளவுக்கு உயிர்ப்புள்ளி இழக்கச் சொல்கிற அட்டை அது. ஒன்றும் இரண்டுமாக மானா உள்ள டெக்கில் அது தங்கம். நாம் கட்டுகிற, ஐந்தும் ஆறும் நிறைந்த டெக்கில் பிள்ளையை அதுவே கொன்றுவிடும். அதேபோல கொன்செக்ரேட்டட் ஸ்பிங்ஸ் நாலு பேர் இருந்து விளையாடும் கொமாண்டர் ஆட்டத்துக்கு உரியது. எதிராளி எடுக்கிற ஒவ்வொரு அட்டைக்கும் நாம் இரண்டு எடுக்கலாம் என்பதால் மூன்று எதிராளி இருக்கும்போது அதன் பலமே வேறு.

சிவப்பு டெக்கைப் பற்றியும் கேட்பீர்கள். அந்த நிறத்துக்கு இந்த வேலை அவ்வளவாக வராது, வற்புறுத்த வேண்டாம். கெல்டன் ரெய்டர் போடுங்கள்: நாலு மானாவுக்கு 4/3, இறங்கும்போது ஓர் அட்டையை எறிந்துவிட்டு ஒன்று எடுக்கலாம். கையின் கணக்கு கூடாது, ஆனால் வேண்டாத லேண்ட் ஒன்று புதிய அட்டையாகும்.

எத்தனை போடுவது? ஒரே அட்டை நாலு போட்டால், அறுபது அட்டை டெக்கில் தொடக்க ஏழுக்குள் குறைந்தது ஒன்று வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 40. அந்த வேலையைச் செய்கிற அட்டைகள் எட்டு இருந்தால் 65. ஆகவே பச்சைக்கு விஷனரிமார் இரண்டு வகையும் சேர்த்து எட்டு, நீலத்துக்கு மல்டிரிஃப்டர் நாலும் வேறு நாலும் என்று கேட்கிறேன். அதற்கு மேல் போக வேண்டாம். ஒரு காலத்தில் பதினாறு போட்டு விளையாடிப் பார்த்திருக்கிறேன். கை எப்போதும் நிறைந்திருந்தது, ஏழுக்கு மேல் போனதை முறை முடியும்போது எறிய வேண்டியும் வந்தது. ஆனால் ஆட்டத்தை முடிக்கிற அட்டைக்கு டெக்கில் இடம் இருக்கவில்லை. பெரிய மிருகங்களும் வேண்டும். அவற்றைத் தேடிக் கொண்டுவந்து தருவதுதான் சின்னவற்றின் வேலை.

இன்னொன்று. இந்த அட்டைகள் தமிழில் அச்சாவதில்லை. நமக்கு ஆங்கிலம் பழகிவிட்டது, ஆனால் வாகரையில் இருந்தோ படுவான்கரையில் இருந்தோ வருகிற பிள்ளை ஒவ்வொரு அட்டைக்கும் நம் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து தடவை கேட்ட பிறகு கூச்சம் வந்து வாயை மூடிக்கொள்ளும். இறங்கினால் ஓர் அட்டை எடு என்பதைவிட எளிய வரி இந்த விளையாட்டில் இல்லை. ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் எழுதி அட்டையின் ஸ்லீவ் உறைக்குள், படத்துக்குக் கீழே, வைத்துவிடலாம். அந்த வேலையை நான் எடுக்கிறேன். கையெழுத்து அழகாக உள்ள தங்கச்சி ஒருவர் கூட இருந்தால் ஒரே பின்னேரத்தில் ஆறு டெக்குக்கும் முடித்துவிடலாம்.

வருகிற ஞாயிறு மூன்று மணிக்கே வந்துவிடுவேன். சப்பாத்துப் பெட்டியை யாரும் எறிந்துவிடாதீர்கள், அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுத்தான் வந்தேன். என்னிடம் உள்ள எஃபெமரேட் நாலையும் கொண்டுவருகிறேன், வெள்ளையும் நீலமும் சேர்ந்த டெக்குக்கு அவை என் பங்கு. போன வருடம் வந்த அந்தத் தம்பியின் சித்தியை யாருக்காவது தெரியும் என்றால், இந்த விடுமுறைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். புதிய பச்சை டெக்கை முதலில் அவன் கையில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஆரையம்பதி அண்ணன்