குந்து மேடை வாங்கும் முன் ஆறு அளவுகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த வீடுகளில், காலமெல்லாம் குந்திப் பழகியவர்கள் சீட்டைத் தூக்கிவிட்டுப் பீங்கான் விளிம்பின் மேலேயே ஏறி உட்காருகிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில் இதைப் பார்க்கிறோம். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். உட்காருபவரின் எடை சீட் முழுவதும் பரவி இறங்கும் என்ற கணக்கில்தான் அந்தக் கோப்பை செய்யப்படுகிறது. ஏறும்போது முழு எடையும் ஒரே குதிகால் வழியாக, விளிம்பின் ஓரத்தில், பக்கவாட்டு இழுப்போடு விழுகிறது. கோப்பையைத் தரையில் பிடித்திருப்பது இரண்டு திருகாணியும் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டும்தான். பீங்கானில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, உடையும்போது எச்சரிக்கையும் தராது. உடைந்த முனை கத்தியைவிடக் கூர்மை. தொடையில் இறங்கினால் ஆழமாக இறங்கும்.

எனவே குந்து மேடைக்கு, அதாவது கோப்பையைச் சுற்றி நிறுத்தி மேலே ஏறிக் குந்துவதற்கான மர மேடைக்கு, ஒரே விதிதான்: உங்கள் எடையில் ஒரு கிலோகூடக் கோப்பையின் மேல் ஏறக் கூடாது. மேடை தன் கால்களில், தரையில் நிற்க வேண்டும். விளிம்பின் மேல் கவிழ்த்து வைக்கும் பலகையை எங்களிடம் கேட்காதீர்கள், செய்து தர மாட்டோம்.

உங்கள் வீட்டில் இருப்பது ஆங்கிலோ-இந்தியன் கோப்பை என்றால், அதன் விளிம்பிலேயே கால் வைக்க அகலமான, வரி போட்ட பகுதி இருக்கும். அதற்கு இந்த மேடை வேண்டாம்.

குந்துவதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை வளையம்போலச் சுற்றி முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தால் அந்த மடிப்பு முழுதாக விடுவதில்லை. முழங்கால் மார்புப் பக்கம் வரும்போது தசை தளர்ந்து பாதை நேராகிறது. இஸ்ரேல் மருத்துவர் டோவ் சிகிரோவ் 28 பேரிடம் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சராசரியாக 130 விநாடியும் குந்தியவர்களுக்கு 51 விநாடியும் ஆயின. ஆய்வு சிறியது. மேடை மூலத்தைக் குணமாக்கும், பழைய மலச்சிக்கலை ஒழிக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.

இனி அளவுகள். ஆயத்த மேடை வாங்கியவர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பங்கு அளவெடுக்காமல் வாங்கியதால் வருவது. சீட்டைத் தூக்கிவிட்டு, தரையிலிருந்து விளிம்பு வரை உயரத்தை எடுங்கள். பெரும்பாலும் 15 முதல் 16 அங்குலம் வரும். ஆனால் இதை ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. குளியலறைத் தரை தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். நான்கு மூலையிலும் எடுத்து நான்கையும் எழுதுங்கள். அடுத்து கோப்பையின் அதிக அகலம். மூன்றாவது, கோப்பையின் முன்முனையிலிருந்து ஃபிளஷ் டேங்க் வரை நீளம். தூக்கி வைத்த சீட்டும் மூடியும் டேங்கின் முன்னால் இரண்டு அங்குலம் இடத்தை அடைத்துக்கொள்ளும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நான்காவது, கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கச் சுவர் வரை. மேடையின் அகலம் 24 அங்குலம், எனவே பக்கத்துக்கு 12 அங்குலமாவது வேண்டும். ஆங்கிள் காக், ஹெல்த் ஃபாசெட் குழாய் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் துருத்திக்கொண்டிருக்கும், அவற்றையும் குறியுங்கள். ஐந்தாவது, கோப்பையின் முன்முனையிலிருந்து கதவு திறந்து வரும் இடம் வரை. மேடையின் முன்பலகைக்கு 10 அங்குலம், அதற்கு முன்னால் ஏறும் படிக்கு 8 அங்குலம் போகும்.

ஆறாவது அளவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: தலைக்கு மேல் எவ்வளவு இடம்? பாத்ரூமுக்கு மேல் லாஃப்ட் போட்ட வீடுகளில் அது 7 அடியில் நிற்கும். 18 அங்குல மேடையில் ஏறி நின்றால் மிஞ்சுவது 5 அடி 6 அங்குலம். ஏறும்போது குனிந்துதான் ஏறுவீர்கள், எழும்போதுதான் தலை இடிக்கும். கீசர் அங்கே தொங்கினால் இன்னும் மோசம்.

மேடையின் மேல்பலகையின் அடிப்புறம் விளிம்பைவிட அரை அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். அந்த அரை அங்குல இடைவெளிதான் எடை பீங்கானில் இறங்காமல் காக்கிறது. பலகை அமிழ்ந்து விளிம்பைத் தொடுகிறதா என்று மாதம் ஒருமுறை ஒரு தபால் அட்டையை இடையில் நுழைத்துப் பாருங்கள், ஆள் ஏறி நிற்கும்போது.

நடுத் திறப்பு 9 அங்குல அகலம். கோப்பைக்கு வெளியே, இருபுறமும் பலகை போட்டால் பாதங்கள் ஒன்றரை அடி விலகிப் போய் இடுப்பு வலிக்கும். ஆகவே பலகை விளிம்பின் மேல் நீண்டு, கோப்பையின் உள்விளிம்பையும் தாண்டி அரை அங்குலம் உள்ளே வரும். கழுவும் தண்ணீர் அப்போதுதான் விளிம்பில் தேங்காமல் உள்ளே சொட்டும். பலகையின் அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு காடி (நீளப் பள்ளம்) எடுத்திருப்போம். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்புறமாகவே ஊர்ந்து சட்டம் வரை போய்விடும். இப்படிக் கால்களைத் தாண்டி நீளும் பலகையில் மர ரேகை இடமிருந்து வலமாக ஓட வேண்டும். முன்பின்னாக ஓடினால், மிதிக்கும் ஓரம் ரேகையோடு பிளந்து வந்துவிடும். விலை குறைந்த மேடைகள் உடைவது இந்த இடத்தில்தான்.

மரத்துக்குப் பலாவையே முதலில் சொல்கிறோம். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீருக்கும் கரையானுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் மஞ்சள் பாய்ந்த வைரப்பகுதி மட்டும்தான். வெளுத்த ஓரப்பகுதியைக் கரையான் விடாது. தேக்கு இன்னும் நல்லது, விலை கூடும். பிளைவுட் கேட்பவர்களுக்கு ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளை, 18 எம்எம், இரட்டையாக ஒட்டி. ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரணப் பிளையை ஈரத்தில் வைக்க நாங்கள் ஒப்புவதில்லை. பலகைகளுக்கு நடுவே 3 எம்எம் இடைவெளி விடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுக் கதவு எப்படி இறுகுகிறதோ, அப்படித்தான் இதுவும் உப்பும்.

திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். கடற்காற்றுள்ள ஊரில் இரும்புத் திருகாணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து இளக்கிவிடும். காலின் அடிமுனைதான் முதலில் அழுகும், ஏனென்றால் வெட்டுவாயில் மரம் ஸ்ட்ரா போலத் தண்ணீரை உறிஞ்சும். அங்கே எபாக்ஸி இரண்டு கோட் கொடுத்து, திருகி ஏற்றி இறக்கும் நைலான் பாதம் வைக்கிறோம். அது மரத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தும், தரைச் சரிவையும் ஈடுகட்டும். மேடை ஆடினால் அந்தப் பாதத்தைத் திருகுங்கள். அட்டையோ ஓட்டுச்சில்லோ சொருகாதீர்கள், ஈரத்தில் நழுவும்.

மேலே பியூ (பாலியூரித்தேன்) பூச்சு மூன்று கோட். சாதாரண அரக்குப் பாலிஷ் தண்ணீர் பட்டு வெளுத்துப் போகும். கால் வைக்கும் இடத்தில் 2 எம்எம் ஆழத்தில் குறுக்கு வரிகள் உண்டு.

பயன்படுத்தும் முறை: முதலில் ஒரு குவளை தண்ணீரைக் கோப்பைக்குள் ஊற்றுங்கள், ஒட்டாமலிருக்கும். படியில் ஒரு கால், முன்பலகையில் மறு கால். முன்பலகையில் இரு கால்களும் ஊன்றிய பிறகே திரும்புங்கள், திறப்புக்கு மேல் வைத்துத் திரும்பவே கூடாது. பிறகு ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குந்துங்கள். கைப்பிடி சுவரில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டில் மாட்டியதாக இருக்கட்டும். டவல் கம்பியும் காற்றழுத்தத்தில் ஒட்டும் கைப்பிடியும் ஆளைத் தாங்காது.

தெறிப்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. இரண்டு காரணம். குந்தும்போது உடல் குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் அமைகிறது. குதிகாலை நீர் நிற்கும் இடத்துக்கு நேராக வைத்தால் பின்சரிவில் விழும், மிகவும் முன்னால் வைத்தால் நேராக நீரில் விழுந்து தெறிக்கும். நான்கு நாள் முன்பின் வைத்துப் பார்த்து, சரியான இடத்தில் சாக்பீஸால் குதிகால் கோடு போடுங்கள். சொன்னால் அந்தக் கோட்டில் வரி வெட்டித் தருகிறோம். இன்னொன்று, சிறுநீர் முன்பக்கம் போய் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே புகுந்துவிடும். அதற்காக முன்பலகையின் உள்ஓரத்தில் 3 அங்குலம் தொங்கும் வெள்ளைப் பிவிசி தகடு இருக்கிறது. உருவி எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி மாட்ட மறக்காதீர்கள்.

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைத்தடியோடு நடக்கும் பெரியவர்கள் இதில் ஏற வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென எழாமல், பிடித்துக்கொண்டு மெல்ல எழ வேண்டும். குழந்தைகள் தனியாக ஏறக் கூடாது. குந்தினால் குதிகால் தரையில் படியாதவர்களுக்கு முதலில் 8 அங்குலக் கால் ஸ்டூலே போதும். வழக்கம்போல உட்கார்ந்து, பாதத்தை அதில் வைத்து முன்னால் சாயலாம். விலையும் மேடையில் ஒரு சிறு பங்குதான். பலருக்கு அதோடு தேவை முடிந்துவிடும்.

கழுவச் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரைக் கோப்பைக்கு ஊற்றும் முன் மேடையை வெளியே இழுத்துவிடுங்கள். அது பூச்சை அரிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸையும் கறையாக்கும். வாரம் ஒருநாள் சாய்த்து வைத்துக் காற்றாட விடுங்கள், கடும் வெயிலில் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியிலுள்ள திருகாணிகளை இறுக்குங்கள்.

ஆறு அளவுகளையும், கோப்பையை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த இரண்டு படங்களையும், ஏறப் போகிறவர்களில் அதிக எடையுள்ளவரின் எடையையும் அனுப்புங்கள். சுவரில் தொங்கும் கோப்பை என்றால் அதையும் எழுதுங்கள். அதற்குக் கால்களை வேறு இடத்தில் வைப்போம்.

இப்படிக்கு,
மரப்பட்டறையினர்,
கடலூர் முதுநகர்