முட்டை எத்தனை என்று எழுதிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேரன் காலையில் கடையில் வாங்கித் தின்னும் சாண்ட்விச்சைப் பற்றி எழுதுகிறேன். வீட்டு விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால், டியூஷன் வாசல்களில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களைக் காணலாம். அந்தப் பிள்ளைகள் எட்டு மணிக்கு வெளியே வந்து எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் ஓடுகிறார்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். 1990ல் சேர்ந்தபோது பிள்ளைகளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை. 2010ல்தான் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. வந்த முட்டையை எண்ண வேண்டும், உடைந்ததைத் தனியே எழுத வேண்டும், சந்தேகமானதைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் இதில் என்ன எத்தனை கிராம் என்று மனசு கேட்டுவிடுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு பாதி நாள் கொரடாச்சேரியில், பாதி நாள் தஞ்சாவூரில் மகன் வீட்டில். பேரன் பிளஸ் டூ படிக்கிறான். ஐந்தேகாலுக்கு எழுந்து ஒரு டம்ளர் பாலோடு கிளம்பிவிடுவான். அந்த நேரத்தில் அவனுக்கு இட்லி இறங்காது. டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் அப்படியே திரும்பி வந்தது. "கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் கடைக்குப் போறப்ப நான் மட்டும் எப்படி அப்பாயி டப்பாவத் திறக்கிறது?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இட்லிதான் உசத்தி, சாண்ட்விச் விஷம் என்று சொல்ல நான் வரவில்லை. பருப்பு கண்ணில் படாத தண்ணீர் சாம்பாரில் மூன்று இட்லியை நனைத்துத் தின்றால் அதிலும் வளரும் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு நாள் பில் ஒன்று கிடைத்தது. சாண்ட்விச், பொரித்த உருளைக்கிழங்கு வில்லை, குளிர்பானம் சேர்ந்த காம்போ 219 ரூபாய். வரியோடு 230. வாரத்தில் மூன்று நாள் அதுதான் என்று கேட்டபோது தெரிந்தது. திட்டவில்லை. "அதுல என்னடா இருக்கு, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றேன். மருமகள் கேக் செய்வதற்கு வாங்கிய சின்ன எலெக்ட்ரானிக் தராசு வீட்டில் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று கடைச் சாண்ட்விச்சைப் பிரித்து அதில் வைத்து எடை போட்டோம். பேரன்தான் நோட்டில் எழுதினான்.

முதலாவது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடையின் முட்டை சாண்ட்விச். விலை 129, வரியோடு 135 ரூபாய் 45 காசு. மொத்தம் 138 கிராம். பன் 62, முட்டை 48, சீஸ் 14, மீதி சாஸ். உள்ளே இருந்தது ஒரே ஒரு முட்டை.

இரண்டாவது, ஒரு பேக்கரியின் வெஜ் மயோ சாண்ட்விச், 60 ரூபாய். ஓரம் நறுக்கிய பிரெட் மூன்று துண்டு, 81 கிராம். கோஸும் கேரட்டும் 31 கிராம். மயோனைஸ் 36 கிராம். மயோனைஸ் என்பது முக்கியமாக எண்ணெய். நான் தாளிப்புக்கு ஊற்றும் எண்ணெயைவிட அது அதிகம் என்று மருமகளிடம் காட்டினேன். காய்கறி இருக்கிறதே என்று அவள் அதைத்தான் நல்லது என நினைத்திருந்தாள். புரதம் என்று பார்த்தால் அதில் பிரெட்டில் இருப்பது மட்டும்தான். ஒரு முட்டையில் இருக்கிற அளவு.

மூன்றாவது, தள்ளுவண்டியில் ஓர் அம்மா போடும் பிரெட் ஆம்லெட், 50 ரூபாய். கண்ணெதிரே இரண்டு முட்டை உடைத்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. பிரெட் 56 கிராம், ஆம்லெட் 122 கிராம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பேரன் வயதுப் பையனுக்கு நாளுக்கு 55 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. வண்டி ஆம்லெட்டில் இரண்டு முட்டையும் பிரெட்டும் சேர்ந்து 16 கிராம் தேறும். 135 ரூபாய் சாண்ட்விச்சில் முட்டை, சீஸ், பன் எல்லாம் சேர்த்தாலும் அதைத் தாண்டாது. பேரன் விடவில்லை. கைப்பேசியில் தேடி, "17 கிராம்னு போட்டிருக்கு அப்பாயி" என்று காட்டினான். வாங்கிப் பார்த்தேன். அது மெக்டொனால்ட்ஸ் கடையின் முட்டை சாண்ட்விச்சுக்குப் போட்ட அமெரிக்கக் கணக்கு. முட்டையை வளையத்துக்குள் ஊற்றி வட்டமாக வேகவைத்து, சீஸோடு பன்னில் வைத்துக் காலையில் விற்கும் முறை 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன் என்பவர் கொண்டுவந்தது. அதில் பன்றி இறைச்சித் துண்டும் உண்டு. புரதத்தில் அதன் பங்கும் சேர்ந்திருக்கிறது. இறைச்சியை எடுத்துவிட்டு இங்கே வேறொரு கடை விற்பதற்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. கைப்பேசியில் பார்க்கிற பிள்ளைகள், எந்த நாட்டுக் கடை, உள்ளே என்ன வைத்த சாண்ட்விச் என்பதையும் பார்க்க வேண்டும்.

ருசியைச் சொல்லாமல் விட்டால் பேரன் கோபித்துக்கொள்வான். பெரிய கடை பன் சூடாக இருக்கும்போது பஞ்சு மாதிரி இருந்தது, லேசான இனிப்பு. சீஸ் உருகி முட்டையில் ஒட்டிக்கொண்டு, உப்பும் இனிப்பும் மாறி மாறி வந்தது. பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது என்று முதல் வாயிலேயே புரிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து எடை போட்டு முடித்த பிறகு தின்ற பாதி, ரப்பர் மாதிரி இழுத்தது. முட்டைக்கென்று ஒரு மணம் உண்டே, அது அதில் இல்லை. வண்டி ஆம்லெட்டில் பிரெட்டின் ஓரம் கல்லில் பட்டு மொறுமொறுவென்று இருந்தது, நடுவில் ஆம்லெட்டின் ஈரம் ஊறியிருந்தது, மிளகுத்தூள் மூக்கில் ஏறியது. எனக்கு அதுதான். பேரனுக்கு இன்னமும் சீஸ்தான். அவன் நாக்கை நான் மாற்ற முடியாது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தோம்: அவனுக்குப் பிடித்தது சீஸ்; சாஸ் இல்லை. சாஸ் வேண்டாம் என்று சொன்னால் கடையில் மறுக்காமல் அப்படியே கொடுக்கிறார்கள். உருளைக்கிழங்கு வில்லையையும் குளிர்பானத்தையும் விட்டால் 95 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்துக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும் ஒரு வாரத்துக்கு வாங்கலாம்.

உப்புதான் என்னைப் பயப்படுத்தியது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கடை இணையத்தில் போட்டிருக்கும் பட்டியலில் சாண்ட்விச்சுக்கு சோடியம் 720 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு; அதாவது 1.8 கிராம். நாளைக்கு ஆகிற உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலை எட்டரைக்கே உள்ளே போய்விடுகிறது. பிறகு மதியம் ஊறுகாய், ராத்திரி அப்பளம். எங்கள் வீட்டில் என் கணவருக்கு ரத்த அழுத்தம். உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி அலுத்தவள் நான்.

அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கடைப் பலகையில் இல்லை. பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் விலைப்பட்டியலிலேயே கலோரியை எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். அந்தக் கடையிலும் விலைக்குக் கீழே 336 என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் கலோரி மட்டும் தெரிந்து ஒரு தாய் என்ன முடிவெடுப்பாள்? 336ல் எவ்வளவு முட்டையிலிருந்து, எவ்வளவு மாவிலிருந்து, எவ்வளவு எண்ணெயிலிருந்து என்பதுதானே முக்கியம்? ஒரு கிளையோடு நடக்கும் பேக்கரிகளுக்கு அந்த எண்ணும் கட்டாயம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் பெரும்பாலும் இருப்பது அந்தக் கடைகள்தான்.

எங்கள் சத்துணவு மையச் சுவரில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்று பெயிண்டில் எழுதியிருப்போம். ஒரு பிள்ளைக்கு அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று பெற்றோர் வந்து கேட்டால் பதிவேட்டைத் திறந்து காட்டுவோம். காசு வாங்காமல் போடுகிற சோற்றுக்கு அந்தக் கணக்கு இருக்கிறது. 135 ரூபாய் கொடுத்து வாங்குகிற சாப்பாட்டில் முட்டை ஒன்றா இரண்டா என்று தெரிந்துகொள்ள நான் அதைப் பிய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் என்ன உள்ளே போகிறது என்று பார்க்க ஆள் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு அதைத் தீர்மானிப்பது கடைப் பலகையில் இருக்கிற படம்.

அதனால் கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சாண்ட்விச் பெயருக்குப் பக்கத்தில் முட்டை எத்தனை என்று எழுதிப் போடுங்கள். பெரிய கடைகள் புரதமும் உப்பும் எத்தனை கிராம் என்று பலகையிலேயே போடட்டும். கணக்கு அவர்களிடம் இருக்கிறது. பேக்கரிகள் மயோனைஸ் எப்படிப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸால் கிருமித் தொற்று வருகிறது என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை போட்டது நினைவிருக்கும். வெயில் காய்கிற தஞ்சாவூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து அடுக்கிவைத்த சாண்ட்விச்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பிரெட்டையும் சொல்ல வேண்டும். நிறம் பழுப்பாக இருந்தால் கோதுமை என்று நம்பிவிடுகிறோம். உறையைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் பெயரைப் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. நான் பார்த்த இரண்டு பழுப்பு பிரெட் உறையிலும் முதலில் இருந்தது மைதா.

வண்டியில் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். எண்ணெயைக் கரண்டி கணக்கில்லாமல் ஊற்றினார்கள். "தம்பிக்குக் கொஞ்சமா ஊத்துங்கம்மா" என்று கேட்டேன், குறைத்தார். அடுத்ததுதான் பெரிய குறை. சூடான ஆம்லெட்டை நாளிதழ்த் தாளில் வைத்து மடித்துக் கொடுத்தார். எண்ணெய் பட்டதும் எழுத்து பிரெட்டில் படிந்திருந்தது, தலைகீழாகப் படிக்க முடிகிற அளவுக்கு. அச்சு மையில் உடம்புக்கு ஆகாத ரசாயனங்கள் இருப்பதால் நாளிதழில் உணவு பொதியக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. யாரும் வந்து சொன்னதில்லை என்றார். திருவையாற்றிலிருந்தும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் தினமும் வாழை இலை வந்து இறங்குகிற ஊர் இது. கல்யாணக்காரர்கள் கழித்துப்போடும் கிழிசல் இலை மார்க்கெட்டில் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது இலையில் வைத்து மடிக்கிறார், மணமும் கூடியிருக்கிறது. வண்டியில் ஒரு சிலேட்டும் தொங்குகிறது: "2 முட்டை, 2 பிரெட், 50 ரூபாய்". என் கையெழுத்துதான். உணவுப் பாதுகாப்புத் துறையினர் அபராதச் சீட்டோடு போவதற்கு முன்னால் ஒரு தடவை இப்படி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

பேரன் இப்போது வாரத்தில் நாலு நாள் வண்டி ஆம்லெட், ஒரு நாள் சாஸ் இல்லாத சீஸ் சாண்ட்விச். காம்போ கிடையாது. ஆறாவது நாள் நான் எழுந்து அடை வார்த்துக் கொடுக்கிறேன், அதை மட்டும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. மறுநாள் வண்டிகளில் கிழிபடுவது உங்கள் தாளும்தான். பக்கத்தின் கீழ் ஓரத்தில், "இந்தத் தாளில் உணவு மடிக்க வேண்டாம்" என்று ஒரு வரி தினமும் அச்சிடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை கையில் அது ஒரு நாள் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கொரடாச்சேரி, திருவாரூர் மாவட்டம்.