ராஜாவை விட்டுவிட்டுக் கடிதத்தில் தொடங்கு

கரூர்

அன்புள்ள அம்மணிக்கு,

ரோம் வரலாற்றை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். போனில் சிக்னல் விட்டு விட்டு வந்ததில் பாதிதான் சொன்னேன். மீதி இதில்.

பழைய ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியிடம் முதலில் போகாதே. 142 நூல்கள் எழுதினார், மிஞ்சியது 35. தனக்கு ஏழு நூற்றாண்டு முந்தைய சங்கதியைக்கூடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் அரண்மனை வம்பு. ரசித்துப் படி, அப்படியே நம்பிவிடாதே. ரோமின் வீழ்ச்சியைத் தொகுதி தொகுதியாக எழுதிய கிப்பன் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு. சமைக்கும்போது மைக் டங்கனின் ரோம் வரலாற்றுப் பாட்காஸ்ட்டைப் போட்டுவிடு, யாருக்குப் பின் யார் என்பது பிடிபட்டுவிடும். மூல நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு லாகஸ்கர்ட்டியஸ், பெர்சியஸ் இணையதளங்களில் சும்மாவே கிடைக்கிறது. மேரி பியர்டின் ரோம் வரலாற்றுப் புத்தகம் 'எஸ்.பி.க்யூ.ஆர்.' மட்டும் நூலகத்தில் எடு. இது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிற அம்மா அவர்.

நம் அமராவதி ஆற்றில் கிடைத்த ரோமானியக் காசுகளில் பேரரசர் திபேரியஸ் முகம் இருக்கும். எனக்கு ரோம் என்றால் வெகுநாள் அந்த ராஜா முகம்தான். அதை மாற்றியது உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற விண்டோலாண்டா என்னும் பழைய ரோமானியப் படைக்கோட்டை. நியூகாசிலிலேயே இருந்துகொண்டு நீ இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை!

அங்கே ஈர மண்ணுக்குள் காற்றுப் படாமல் கிடந்த மெல்லிய மரச்சீவல்களை 1973 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே மை எழுத்து. பல, அந்தப் பக்கம் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் எழுவதற்கும் முந்தியவை. யாரோ யாருக்கோ காலுறையும், இரண்டு ஜோடி செருப்பும், இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒன்றில் இருக்கிறது. இன்னொன்று கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவரா என்பவள் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்தது. செப்டம்பர் 11, கட்டாயம் வந்துவிடு என்கிறாள். கடிதத்தை எழுத்தர் திருத்தமாக எழுதியிருக்கிறார். முடிவில் மட்டும் அவளே பேனாவை வாங்கி, கோணல் எழுத்தில், 'சகோதரி, என் உயிரே' என்று சேர்த்திருக்கிறாள்.

அந்தக் கடிதம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். அந்த மரச்சீவல்களின் படமும் வாசகமும் இணையத்திலும் உண்டு. முதலில் விண்டோலாண்டா போ, சில அங்கேயே இருக்கின்றன. லண்டன் போகிற அன்று கையெழுத்து மாறுகிற இடத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. குடும்ப குரூப்பில் போடாதே, குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே தொலைந்துவிடும்.

அம்மாவும் ஏதோ எழுத வேண்டுமாம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா